நண்டுச் சண்டையும் ஒரு சின்ன அப்டேட்டும்

ஒரு காட்டில் ஒரு ஏரி இருந்தது. ஏரிக்கரையில் ஒரு உடும்பு இருந்தது. அந்தக் காட்டில் சிங்கமும் நரியும் கூட உண்டு. ஆனால் அவர்களுக்கு மற்ற கதைகளிலேயே வேலை சரியாக இருப்பதால் இதற்குக் கூப்பிடவில்லை.

உடும்பின் பெயர் ஆவுடையப்பன். நடுத்தர வயது, கனத்த உடம்பு, பிடித்ததை விடாத குணம். இவ்வளவு பெரிய பெயரை வைத்துக்கொண்டிருப்பவரை 'அது, இது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே இனி அவர் என்றே சொல்கிறேன்.

ஏரிக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டு ஒரு தட்டைப் பாறை கிடந்தது. காலையின் முதல் வெயிலும் மாலையின் கடைசி வெயிலும் அதன்மேல்தான் விழும். உடும்புக்கு வெயில் என்பது நமக்குக் காலைக் காப்பி மாதிரி. அது உள்ளே இறங்கும்வரை கை கால் ஓடாது, யார் என்ன சொன்னாலும் மண்டையில் ஏறாது. வருஷத்தில் பாதி நாள் அந்தப் பாறை ஆவுடையப்பனுடையது. ஆனால் வெயில் மிக அவசியமாகத் தேவைப்படும் பனிக்காலத்தில் மட்டும் அது அவர் கையை விட்டுப் போய்விடும். அப்போது வடமலை வந்துவிடுவார்.

வடமலை ஒரு வரித்தலை வாத்து. இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் கூட்டத்தோடு பறந்து வருகிறவர். அங்கே அவருக்கு என்ன பெயரோ, இங்கே எல்லோரும் வடமலை என்றார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். பனி மலையைத் தாண்டி வருகிறவருக்கு எங்கள் ஊர் மார்கழி ஒரு பொருட்டா? அவருக்கு அந்தப் பாறை தேவையே இல்லை. ஜெயித்தவர் உட்காரும் இடம் என்பதற்காக மட்டும் அதில் உட்கார்ந்தார்.

ஜெயித்தது நண்டுச் சண்டையில். அது உள்ளங்கை அளவு பழைய பெட்டி ஒன்றில் இருந்த விளையாட்டு. இரண்டு நண்டுகள், நடுவில் ஒரு வளை. அலை வருவதற்குள் எதிராளியைத் தள்ளிவிட்டு வளைக்குள் போய்விட வேண்டும். முதலில் ஏழு வளை பிடிக்கும் நண்டு ஜெயித்தது. பெட்டியின் இடப்பக்கத்துப் பட்டன்கள் ஆவுடையப்பனுக்கு, வலப்பக்கம் வடமலைக்கு. மருத மரத்து நிழலில் உட்கார்ந்து ஆடுவார்கள். யார் ஜெயிக்கிறாரோ, மறு ஆட்டத்தில் தோற்கும்வரை பாறை அவருக்கு. இது அவர்களே வைத்துக்கொண்ட சட்டம். மீறியதும் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆவுடையப்பனுக்கு வெயில் கிடைக்காததால் விரல் விறைத்திருக்கும். விரல் விறைத்திருப்பதால் தோற்பார். தோற்பதால் வெயில் கிடைக்காது. வருஷா வருஷம் இதே சுற்று. அவரோ தனக்கு ராசியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன மாசியில் ஒருநாள் நிழலும் சேர்ந்து கொதிக்கிற அளவுக்கு வெயில் அடித்தது. அன்றைக்கு ஆவுடையப்பனின் நண்டு துள்ளியது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவர் முன்னால் இருந்தார். இன்னும் ஒரே ஒரு வளை பாக்கி. அப்போதுதான் பெட்டி ஒரு விக்கல் விக்கிவிட்டு அணைந்தது. தட்டினார்கள், ஊதினார்கள், வெயிலில் வைத்தார்கள். அதைச் செய்த கம்பெனிக்காரர்கள் யாரும் திறந்துவிடக் கூடாது என்று நாலு பக்கமும் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். குரங்குகளாலேயே திறக்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாத ஆட்டம் ஆட்டமாகாது என்று வடமலை சொல்லிவிட்டுப் பாறையில் போய் உட்கார்ந்தார். ஆவுடையப்பன் அன்று இரை எடுக்கவில்லை. அவ்வளவு வருத்தம்.

வடமலை வடக்கே போனதும் ஆவுடையப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். இனி வாங்கினால் திறந்த பெட்டிதான். ஊர்ப்பக்கம் போய் வருகிற மைனாவிடம் சொல்லிவைத்தார். மழைக்காலம் முடிவதற்குள் மைனா கொண்டுவந்து சேர்த்தது.

அழகான சின்னப் பெட்டி. வண்ண ஸ்கிரீன், கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன், கட்டைவிரலுக்கு இரண்டு குமிழ்கள். பின்பக்கம் சாதாரண நாலு திருகாணி, நகத்தாலேயே கழற்றலாம். உள்ளே லினக்ஸ். லினக்ஸ் என்றால் என்ன என்று ஆவுடையப்பன் கேட்டார். வீட்டுச் சாவியைக் கடைக்காரன் வைத்துக்கொள்ளாமல் நம்மிடமே கொடுத்துவிடுவது என்று மைனா விளக்கியது. இதில் பழைய விளையாட்டு எதை வேண்டுமானாலும் போடலாம், பாட்டு கேட்கலாம், படிக்கலாம், பெரிய திரையோடு இணைக்கலாம், பிடிக்காவிட்டால் முழு சிஸ்டத்தையே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம் என்றும் சொன்னது. சொல்லிவிட்டு, நண்டுச் சண்டையை ஒரு மெமரி கார்டில் ஏற்றி, செருகி, ஓட்டியும் காட்டியது. நண்டு நடந்தது. அலை வந்தது. பழைய பெட்டியில் வந்த அதே டுர்ர்ர் சத்தம் கூட வந்தது.

நியாயமாக இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மைனா பறந்து போன கிளையிலேயே ஒரு பச்சோந்தி உட்கார்ந்திருந்தது.

அவர் பெயர் சங்கரபாகம். ஒல்லியானவர், அமைதியானவர். ஒரு கண்ணால் பெட்டியையும் மறு கண்ணால் ஏரியையும் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "வந்த சிஸ்டத்தோடயேவா வச்சிருக்கீரு?"

அந்த 'யேவா'வில் ஒரு மனிதனை, மன்னிக்கவும், ஒரு உடும்பைத் தூங்கவிடாமல் செய்யும் ஏதோ ஒன்று இருந்தது. ஏன், இதற்கு என்ன குறை என்றார் ஆவுடையப்பன். குறை ஒன்றும் இல்லை, ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் யாரும் இதை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் சங்கரபாகம். வேறொரு சிஸ்டத்தின் பெயரைச் சொன்னார். அதில் பேட்டரி நீடிக்குமாம், பட்டன் சொன்ன பேச்சைக் கேட்குமாம்.

ஆவுடையப்பன் அதைப் போட்டார். பேட்டரி நீடித்தது. சத்தம் போய்விட்டது. சத்தத்தைக் கொண்டுவருவதற்காக அடுத்ததைப் போட்டார். சத்தம் வந்தது, இடப்பக்கக் குமிழ் வலப்பக்கமாக வேலை செய்தது. அதைச் சரிசெய்து நிமிர்ந்தபோது சங்கரபாகம் நிறம் மாறி வேறு கிளையில் இருந்தார். "இன்னும் அதுலயா இருக்கீரு?" என்று ஆச்சரியப்பட்டார். நிறத்துக்கு ஒரு சிஸ்டம் சொல்கிறவர் அவர்.

இதற்கு நடுவே பெட்டியின் புகழ் பரவிவிட்டது. கொக்குகள் வந்து நாளைக்கு மழை உண்டா என்று கேட்டன, ஆவுடையப்பன் அதற்கொரு புரோகிராம் போட்டுச் சொன்னார். ஒரு காமிராக் கண்ணைப் பக்கத்துத் துளையில் செருகினார், மான்கள் வரிசையில் நின்று தங்கள் கொம்பைப் பார்த்துவிட்டுப் போயின. மயில் தன் குரலைப் பதிவு செய்து கேட்டுவிட்டுப் பெட்டி கெட்டுப்போயிருக்கிறது என்றது. வனக்காவலர் கோபுரத்தில் சார்ஜ் ஏற்றப் போனால் கூடவே ஒரு கூட்டம் போனது. தோற்றுத் தோற்றுப் பழகிய உடும்பை எல்லோரும் "அண்ணாச்சி" என்றார்கள். ஆவுடையப்பனுக்கு அது இனித்தது. யாருக்குத்தான் இனிக்காது?

ஆனால் ஒன்று. நண்டுச் சண்டையை மட்டும் அவர் திறக்கவே இல்லை. எல்லாம் சரியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார். ஆடினால்தானே தோற்க வேண்டும்? இதை அவர் வெளியே சொல்லவில்லை, தனக்குள்ளும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

கார்த்திகை கழிந்ததும் வடமலை வந்து இறங்கினார். நேராகப் பாறைக்குப் போய் உட்கார்ந்து இறகைக் கோதினார். பிறகு மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்னவே, புதுப் பெட்டியாமே. போடும், ஆடுவோம்."

"ஒரு நிமிசம்வே. சின்ன அப்டேட்டு ஒண்ணு ஓடுது."

அந்த நிமிஷம் மார்கழி பாதி வரை நீண்டது. வடமலை தினமும் கேட்டார், ஆவுடையப்பன் தினமும் ஒரு நிமிஷம் வாங்கினார். முதலில் வடமலைக்குச் சிரிப்பாக இருந்தது. பயந்துவிட்டீரா என்று சீண்டினார். பிறகு சலிப்பு வந்தது. அதற்கும் பிறகு, இதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது. ஜெயித்த பாறையில் தனியாக உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது? கீழே ஒருவர் நடுங்கிக்கொண்டு பொறாமையோடு பார்த்தால்தான் அது சிம்மாசனம். ஆவுடையப்பனோ நடுங்கினாலும் பாறையைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

பனி கடுமையாக இறங்கிய ஒரு காலையில் சங்கரபாகம் சாம்பல் நிறத்தில் வந்தார். எத்தனை நாளைக்கு அடுத்தவர் செய்து வைத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பீர், சிஸ்டத்தை மூலத்திலிருந்து நீரே கட்டிப் பாரும் என்றார். கடையில் இட்லி வாங்காமல் அரிசி ஊறப்போடுவதிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரியான வேலை அது. முடிய நெடுநேரம் ஆகும். சீக்கிரம் முடியட்டும் என்று ஆவுடையப்பன் செட்டிங்ஸைத் திறந்து பெட்டியின் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டார். திறந்த பெட்டிதானே, வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

பெட்டி கொதிக்க ஆரம்பித்தது. கெட்டுவிடப் போகிறதே என்று பதறி அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சூடு உள்ளங்கை வழியாக முழங்கைக்கு ஏறியது. முழங்கையிலிருந்து தோளுக்குப் போனது. விரலை மடக்கினார், மடங்கியது. நீட்டினார், நீண்டது. மார்கழிக் காலையில் இது அவருக்கு நடந்ததே இல்லை. மெதுவாகப் பெட்டியைத் தரையில் வைத்து அதன்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்தார். கண் தானாக மூடிக்கொண்டது. பிறகுதான் அவர் மண்டைக்குள் அந்த மாசி வெயில் அடித்தது. அன்றைக்கு ஜெயித்தது ராசியால் இல்லை, சூட்டால். இத்தனை வருஷமும் தோற்றது வடமலையிடம் இல்லை, பனியிடம்.

அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாறையடிக்கு ஓடினார்.

"வடமலை, இறங்கும்வே. இப்ப ஆடுவோம்."

மொத்தக் காடும் மருத மரத்தடியில் கூடியது. ஆவுடையப்பன் கட்டும் வேலையை நிறுத்திவிட்டுச் சூடான கையோடு ஆடினார். முதல் மூன்று வளை அவருக்கு. வடமலை அலகை மூடிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். நாலாவது வளையில் ஆவுடையப்பனின் நண்டு லேசாகத் தயங்கியது. ஐந்தாவதில் நொண்டியது. நண்டுச் சண்டை பழங்கால விளையாட்டு, அந்தப் பெட்டிக்கு அது ஒரு வேலையே இல்லை. அது ஓடும்போது பெட்டி ஆறிப்போயிற்று. பெட்டி ஆறியதும் விரலும் விறைத்தது. மூலத்திலிருந்து கட்டினால்தான் சூடு வரும், கட்டிக்கொண்டிருந்தால் ஆட முடியாது, ஆடினால் சூடு வராது. பழைய சுற்றே புது உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

இனி விட்டால் பாறை இந்த வருஷமும் போய்விடும். ஆவுடையப்பன் ஒரு தந்திரம் செய்தார். இடைவேளை கேட்டு வாங்கி, பின்னணியில் கட்டும் வேலையை ஓடவிட்டு, முன்னால் நண்டை ஆடவிட்டார். சூடு வந்தது. நண்டுகள் திக்கித் திக்கி நடந்தன. அலை பாதி வழியில் நின்று யோசித்தது. இப்படியே தள்ளாடித் தள்ளாடி ஆட்டம் ஆறுக்கு ஆறு என்று வந்து நின்றபோது, வடமலை பட்டனிலிருந்து அலகை எடுத்தார்.

தான் அழுத்தியது ஒன்று, நண்டு செய்தது ஒன்று என்றார். பின்னால் ஏதோ ஓடுகிறது, அதை நிறுத்தினால்தான் ஆடுவேன் என்றார். நிறுத்தினால் எனக்குக் கை விறைக்கும் என்று ஆவுடையப்பன் உண்மையைச் சொன்னார். மாசி வெயிலையும் பனியையும் விரலையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை வருஷ வெற்றியில் பனிக்கு எவ்வளவு பங்கு, தனக்கு எவ்வளவு பங்கு என்று வடமலைக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அப்ப ரெண்டும் ஒண்ணா ஓடணும்," என்றார் கடைசியில். "நண்டும் திக்கக் கூடாது, உமக்கும் கை விறைக்கக் கூடாது. இங்க கொடும், நான் பாக்கேன்."

வாங்கிக்கொண்டு பாறைக்குப் போனார். அங்கே வெயிலில் ஸ்கிரீனில் ஒன்றும் தெரியவில்லை, அவர் அலகுதான் தெரிந்தது. இறங்கி நிழலுக்கு வந்தார். செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தார். வேகம் எவ்வளவு, எந்த வேலைக்கு முதலிடம், எதற்கு எவ்வளவு இடம் என்று அதில் வரிசையாக இருந்தது. ஒன்றை மாற்றினார். கொஞ்சம் தேறியது. இன்னொன்றை மாற்றினார். தேறியது கெட்டது. ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதை இல்லை, இதை என்றார். சங்கரபாகம் அன்றைக்குச் செம்மண் நிறத்தில் இருந்தார், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு யோசனை சொன்னார்.

தை போயிற்று. பார்க்க வந்த கூட்டம் கலைந்து போயிற்று. கொக்குகள் மழை உண்டா என்று வானத்தையே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தன. மரத்தடியில் ஒரு உடும்பும் ஒரு வாத்தும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. வடமலைக்குச் சூடு தேவையில்லை, ஆனாலும் நகரவில்லை. சண்டை போட்டார்கள், நீர் தொட்டதால்தான் கெட்டது என்று மாறி மாறிக் குற்றம் சாட்டினார்கள், ஒரே தவளையைப் பிடித்து யாருக்கு என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

மாசியில் வடமலையின் கூட்டம் வானத்தில் வட்டமடித்துக் கூப்பிட்டது. புறப்படும் நேரம் வந்துவிட்டது.

"ஒரு நிமிசம்," என்று வடமலை மேலே பார்க்காமலே சொன்னார். "சின்ன அப்டேட்டு ஒண்ணு ஓடுது."

சொன்னபிறகு அவருக்கே என்னவோ போலாகி நிமிர்ந்தார். அப்போதுதான் பாறை கண்ணில் பட்டது. அதன் நடுவில் பாறையின் நிறத்திலேயே சங்கரபாகம் காலை நீட்டிப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். எத்தனை நாளாக அங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அவருடைய நிறத்தின் வசதி.

வடமலை விருட்டென்று எழுந்து போனார். ஆவுடையப்பன் பெட்டியை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அது ஜெயித்தவர் உட்காரும் இடம், எழுந்திரும் என்று வடமலை அதட்டினார்.

"அப்படியா," என்றார் சங்கரபாகம் சாவகாசமாக. "ரெண்டு பேருல யாரு ஜெயிச்சா? சொல்லும், அவருக்கு எந்திரிச்சுத் தாரேன்."

ஆவுடையப்பன் வடமலையைப் பார்த்தார். வடமலை ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆட்டம் ஆறுக்கு ஆறில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. முடியாத ஆட்டம் ஆட்டமாகாது என்று சொன்னதே வடமலைதான். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் வேறு பக்கமாகத் திரும்பினார்.

"அதெல்லாம் கிடக்கட்டும்வே. நீரு எங்களுக்கு இவ்வளவு சொன்னீரே, உம்ம பெட்டியில இப்ப எந்த சிஸ்டம் ஓடுது?"

சங்கரபாகம் ஒரு கண்ணை வடமலை பக்கமும் ஒரு கண்ணை ஆவுடையப்பன் பக்கமும் திருப்பினார். அவர் முகத்தில் கள்ளம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன்.

"என்கிட்ட ஏதுவே பெட்டி?"

அவரே மீண்டும் பேசினார். பெட்டி எதற்கு, தனக்கு வெயில் கிடைத்தால் போதும் என்றார். பிறகு, போகிற போக்கில் சொல்வது போல, நேற்று ஒரு புது வெர்ஷன் வந்திருக்கிறதாம், அதில் இரண்டு வேலையும் திக்காமல் ஒன்றாக ஓடுமாம், சூடும் குறையாதாம் என்றார்.

அவரைப் பாறையிலிருந்து தள்ளிவிட இரண்டு பேருக்கும் ஒரு நொடி போதும். உடும்பு வாலால் ஒரு தட்டு, வாத்து சிறகால் ஒரு வீச்சு. ஆனால் அந்த ஒரு நொடியில் ஆவுடையப்பன் பெட்டியைத் திறந்துவிட்டார், வடமலை கழுத்தை நீட்டிவிட்டார். வெயிலில் ஸ்கிரீன் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒன்றாக நிழலுக்குத் திரும்பி நடந்தார்கள்.

கூட்டத்தை முன்னால் போகச் சொல்லிவிட்டு, வடமலை பங்குனி பாதியில்தான் புறப்பட்டார். புது வெர்ஷனில் நண்டு திக்கவில்லை. ஆனால் இரண்டு நண்டும் ஒரே நிறத்தில் தெரிந்தன, யாருடையது எது என்று சொல்ல முடியவில்லை. அடுத்த வருஷம் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். பறக்கும் முன் வடமலை பாறையை அல்ல, மரத்தடியைத்தான் திரும்பிப் பார்த்தார். ஆவுடையப்பன் பெட்டியின்மேல் வயிற்றை வைத்துக்கொண்டு, இத்தனை பனிக்காலத்தில் இந்த வருஷம்தான் குளிரவில்லை என்று நினைத்தார். பெட்டியால் மட்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் தெரிந்ததும் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க ஓர் அப்டேட்டை ஓடவிட்டார்.

பாறையில் சங்கரபாகம் மறுபக்கம் புரண்டு படுத்தார்.

நீதி: வெயில் படும் இடம் வேண்டுமென்றால் அங்கே உட்கார்ந்திருப்பவரோடு மல்லுக்கு நிற்காதே, "இன்னும் அந்த வெர்ஷனிலேயா இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நில். அவரே எழுந்து போய்விடுவார். சந்தோஷமாகவும் போவார்.